பழகுநர் பயிற்சிக்குப் போகும் முன்: இராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு வண்டி சர்வீஸ் தொழில் வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எந்த ஊரிலும் இது வழக்கம்தான். தெரிந்த மாமா ஒருவர் பட்டறையில் சொல்லி வைப்பார். பையன் மறுநாள் காலையில் போய் நிற்பான். ஒரு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான், டீ வாங்கி வருவான், வண்டி கழுவுவான். அப்படிப் பழகிப் பெரிய மேஸ்திரி ஆனவர்கள் உண்டு, அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குக் கையில் ஒரு தாளும் இருக்காது. விரல் நசுங்கினால் கேட்க ஆளில்லை. இன்றைய வண்டியில் பாதிக் கோளாறு ஒயரிலும் சென்சாரிலும் இருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்தோ காதால் கேட்டோ பிடிக்க முடியாது.

அதனால் இந்தத் தொழிலுக்குப் போக நினைப்பவர்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பேன். ஒன்று, பதிவான பழகுநர் (அப்ரெண்டிஸ், அதாவது உதவித்தொகையோடு வேலையிடத்தில் தொழில் பழகுபவர்) ஒப்பந்தம். இன்னொன்று, எதையும் அளந்து பார்த்த பிறகே பேசும் பழக்கம். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்குமான தயாரிப்பு. பெண் பிள்ளைகளுக்கும் இதே வழிதான். லிஃப்டும், குறித்த அளவுக்கே இறுக்க உதவும் டார்க் ரென்ச்சும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரும் வந்த பிறகு இது வெறும் உடல் பலத்தின் வேலை இல்லை.

முதல் படி: எந்த வாசல் வழியாகப் போவது

மூன்று வாசல்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு நான் முதலில் சொல்வது ஐ.டி.ஐ. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு 2 ஆண்டு, டீசல் மெக்கானிக் பிரிவு 1 ஆண்டு. இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எந்த ஊரில் எந்தப் பிரிவு, எத்தனை இடம் என்பதை பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரமே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடையும் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. தகுதி உண்டா என்று சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டாவது வாசல், ஐ.டி.ஐ. படிக்காமல் நேராகப் பழகுநராகச் சேர்வது. வாகனத் துறைத் திறன் மேம்பாட்டுக் குழு வகுத்த சர்வீஸ் டெக்னீஷியன் பாடத்திட்டத்தில் பல கம்பெனி ஒர்க்‌ஷாப்கள் ஆள் எடுக்கின்றன. குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவை என்றால் இது சரி. மூன்றாவது, ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவர்களுக்கானது. அவர்களுக்குத் தனியாக நாட்ஸ் என்ற இணையதளம் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் டிப்ளமோ பழகுநர் அறிவிப்புகளும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

டீசலா மோட்டார் வாகனமா என்று குழம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கார் சர்வீஸ்தான் இலக்கு என்றால் 2 ஆண்டுப் பிரிவை எடுங்கள். பிரேக், ஸ்டீயரிங், ஒயரிங் எல்லாம் அதில் விரிவாக வரும். லாரி, டிராக்டர், விசைப்படகு இன்ஜின் பக்கம் மனம் போனால் டீசல் போதும்.

இரண்டாம் படி: தாள்கள்

சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நிறையப் பேர் இங்கேதான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இருக்காது. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மதிப்பெண் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்ற இரண்டையும் திருத்துங்கள். ஆதாரில் நீங்கள் இப்போது பயன்படுத்தும் கைபேசி எண் இருக்க வேண்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். வங்கிக் கணக்கும் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், ஏனென்றால் உதவித்தொகையில் அரசின் பங்கு நேராக அந்தக் கணக்கில்தான் விழும்.

அப்புறம் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஐ.டி.ஐ. முடித்தவர் என்றால் தேசியத் தொழிற்சான்றிதழ். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மின்னஞ்சலிலோ வைத்துக்கொள்ளுங்கள். மூலச் சான்றிதழை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் விட்டு வராதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை.

இதெல்லாம் கையில் இருந்தால் அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா என்ற அரசு இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம். இதற்காக இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இ-சேவை மையத்தில் செய்தாலும் உள்நுழையும் பெயரையும் கடவுச்சொல்லையும் உங்கள் நோட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒப்பந்தமும் பணமும்

பழகுநர் சட்டம் 1961இல் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 பேர் இருக்கும் சிறு பட்டறைகூட விரும்பினால் எடுக்கலாம். இந்தக் கடைசி வரியை உங்கள் ஊர்ப் பட்டறைக்காரரிடம் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியாது. உள்ளூரிலேயே நல்ல மேஸ்திரி இருந்தால் அவரிடமே பதிவான ஒப்பந்தத்தோடு பழக வழி இருக்கிறது.

2019இல் திருத்திய விதியில் மாதக் குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 6000 ரூபாய், ஐ.டி.ஐ. சான்றிதழ் உள்ளவருக்கு 7000, டிப்ளமோவுக்கு 8000 என்று இருந்தது. இன்றைய தொகை எவ்வளவு என்று இணையதளத்தில் பாருங்கள். இன்றைய குறைந்தபட்சத்துக்குக் கீழே எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1500 ரூபாய், அரசு தருகிறது. மீதி நிறுவனம் தர வேண்டியது. இரண்டும் தனித்தனியாக வருவதால் “பணம் குறைகிறதே” என்று முதல் மாதம் பயந்துவிட வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எந்தத் தொழில், எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு, பயிற்சி நேரம் என்ன. பழகுநரைப் பயிற்சி அலுவலரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. அதே சமயம், பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வேலை உண்டு என்று வாயால் சொன்னால், அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் இதைக் கேட்கத் தயங்கக் கூடாது.

மதுரைக்குப் போவதா, இராமநாதபுரத்திலேயே பழகுவதா என்பதும் பணத்தோடு சேர்ந்த கேள்விதான். மதுரை சுமார் 110 கிலோமீட்டர், தினமும் போய் வர முடியாது. அறை வாடகையும் சாப்பாடும் உதவித்தொகையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். உச்சிப்புளி, மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் வீடு என்றால் பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே முதலில் தேடுங்கள். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, சேமித்த பணத்தில் சொந்தமாக டூல்ஸ் வாங்குவது நல்ல கணக்கு.

நான்காம் படி: சேரும் முன் கையைப் பழக்குவது

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வரும் வரை கையில் நேரம் இருக்கும். நம் கடற்கரையில் அந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள், இன்ஜினைப் பிரிப்பார்கள். சொந்தக்காரர் படகு இருந்தால், அனுமதி கேட்டு, ஓரமாக நின்று பாருங்கள். பிஸ்டன், ரிங், லைனர், வால்வு, இன்ஜெக்டர் எல்லாம் பெரிய அளவில் கண் முன்னால் கிடக்கும். நான்கு ஸ்ட்ரோக் என்று புத்தகத்தில் படித்தது எங்கே நடக்கிறது என்று அப்போது புரியும். இந்த வாய்ப்பு உள்மாவட்டப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

வீட்டில் இருக்கும் டி.வி.எஸ் எக்ஸ்.எல். அல்லது பைக்கிலும் பழகலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையில் நட்டுகளை ஒரு தட்டில் வைத்து, போன் கேமராவில் படம் எடுத்த பிறகு மேலே போங்கள். பிரேக்கில் மட்டும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

அளவு எடுக்கப் பழகுங்கள். ஒரு வெர்னியர் காலிப்பர் வாங்கி, வீட்டில் உள்ள பைப், போல்ட், வாஷர் எல்லாவற்றையும் அளந்து எழுதுங்கள். பிரேக் டிஸ்க்கின் மேலேயே அதன் குறைந்தபட்ச தடிமனைப் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணைப் படித்து, அளந்து, “இது ஓடும்” அல்லது “மாற்ற வேண்டும்” என்று சொல்லத் தெரிந்த பழகுநரை எந்த சூப்பர்வைசரும் வண்டி கழுவ மட்டும் வைத்திருக்க மாட்டார்.

ஸ்பேனர் சைஸ்களைப் பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும்: 8, 10, 12, 13, 14, 17, 19. இவை ஒரு வாரத்தில் வந்துவிடும். டார்க் ரென்ச் புரிய இன்னும் கொஞ்சம் நேரமாகும். ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் மேனுவலில் வரும் எண்கள் கைக்குப் புரியும். ஆயில் வடிக்கும் போல்ட்டை முழுப் பலத்தோடு இறுக்கினால் அலுமினியச் சம்பின் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) மரை போய்விடும். அந்தச் செலவு வாடிக்கையாளருக்கோ முதலாளிக்கோ வரும்.

ஐந்தாம் படி: மல்டிமீட்டர்

“சிறு தொகைதான் செலவழிக்க முடியும், எதை வாங்கலாம்?” என்று யாராவது கேட்டால், வோல்டேஜை அளக்கும் மல்டிமீட்டர் என்பேன்.

முதலில் பேட்டரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12க்குக் கீழே போனால் சார்ஜ் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியையோ ஸ்டார்ட்டரையோ சந்தேகப்படலாம். இந்த எண்கள் சாதாரண 12 வோல்ட் வண்டிகளுக்கு. புதிய வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கை ஏற்றி இறக்கும்.

அடுத்தது வோல்டேஜ் இழப்பு. நம் பகுதியில் இதற்குத்தான் வேலை அதிகம். பாம்பனிலிருந்து ஒரு மீன் வேன் வருகிறது, ஹெட்லைட் மங்கல் என்று வையுங்கள். பல்பை மாற்றிப் பார்ப்பதுதான் பலர் முதலில் செய்வது. அதற்கு முன்னால் இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு அளங்கள். பேட்டரியில் 14.0 வோல்ட், பல்பு முனைகளுக்கு நடுவில் 12.3. அப்படியானால் 1.7 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பல்பின் பிளஸ் வரை அளந்தால் 0.3. பல்பின் எர்த்திலிருந்து பேட்டரி மைனஸ் வரை அளந்தால் 1.4. குற்றவாளி எர்த் பக்கம். பாடியில் எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாகத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசி, மறுபடி அளங்கள். எர்த் பக்கம் 0.2க்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. ஒரு பைசா பொருள் மாற்றவில்லை.

முக்கியமாக, லைட் எரியும்போதுதான் இதை அளக்க வேண்டும். மின்சாரம் ஓடாதபோது இழப்பும் தெரியாது. ஐ.டி.ஐ. முடித்தும் இந்த ஒன்று புரியாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் புரிந்துகொண்டு போனால் சென்சார் வேலைக்குப் பாதி தயார். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 (புகை மாசைக் கட்டுப்படுத்தும் விதி) வண்டிகளில் சென்சார்கள் அதிகம். ஸ்கேனரைச் செருகினால் ஒரு பிழைக் குறியீடு வரும். அந்தக் குறியீடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்றுதான் சொல்லும். சென்சார் கெட்டதா, ஒயர் கெட்டதா, கனெக்டரில் உப்பு பூத்ததா என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும்.

ஆறாம் படி: உப்பைப் புரிந்துகொள்வது

இராமேஸ்வரம் தீவிலும் மண்டபம் கரையிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்த பிறகு சுற்றுலா வண்டிகளும் அந்தக் காற்றிலும் மணலிலும் போய் நிற்கின்றன. உப்புப் படிவம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இரும்பு, உப்பு நீர், காற்று மூன்றும் சேர்ந்த இடத்தில் துரு வேகமாக ஏறும். மீன் ஏற்றும் வண்டிகளில் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி சேஸிஸ் மேலேயே விழும். வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் லாரிகளின் அடிப்பகுதியை ஒரு முறை குனிந்து பாருங்கள்.

எங்கே முதலில் பார்ப்பது? பிரேக் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) நகரும் பின்கள். அவை இறுகினால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு ஹேண்ட்பிரேக் கேபிள், சைலன்சர் மூட்டு, பிரேக் குழாய், பேட்டரி முனைகள், எர்த் போல்ட்டுகள். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் கொதிநிலை குறையும். மேனுவலில் 2 ஆண்டு என்று போட்டிருந்தால் இங்கே அதைத் தள்ளிப்போடவே கூடாது.

தண்ணீரும் இங்கே பிரச்சினைதான். கடற்கரைக் கிராமங்களில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அந்தத் தண்ணீரில் வண்டி கழுவினால் உப்பின் மேல் உப்பு. முடிந்தவரை நல்ல தண்ணீரில், குறைவாக இருந்தாலும், அடிப்பகுதியைக் கழுவ வேண்டும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுவது இன்னும் மோசம். உள்ளே படிவம் கட்டி, அலுமினியத்தை அரித்து, கடைசியில் இன்ஜின் சூடேறும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டுமே ஊற்ற வேண்டும் என்பதை வாடிக்கையாளருக்குப் பொறுமையாகச் சொல்லும் வேலையும் சர்வீஸ் டெக்னீஷியனுடையது.

துருப் பிடித்த போல்ட்டைக் கழற்றுவதும் ஒரு கலை. எடுத்த எடுப்பில் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்தால் தலை முறியும். முதலில் ஒயர் பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்யுங்கள். துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு வேறு வேலை பாருங்கள். பிறகு ஆறு பட்டை ரிங் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் போட்டு, கொஞ்சம் இறுக்குங்கள், பிறகு இளக்குங்கள், மறுபடி இறுக்குங்கள். இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால் துரு பொடியாகி வெளியே வரும். சூடு காட்ட வேண்டி வந்தால் பெட்ரோல் குழாய், ரப்பர், ஒயர் பக்கத்தில் இல்லை என்று மேஸ்திரி பார்த்துச் சொன்ன பிறகுதான்.

ஏழாம் படி: உயிரைக் காப்பது

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் படுக்க வேண்டும். நம் மணல் தரையில் ஜாக்கி அமிழும், அடியில் கனமான பலகை வேண்டும். கைலி, செருப்பு, மோதிரம், கழுத்துச் செயின், கைக்கயிறு எதுவும் பட்டறையில் வேண்டாம். பேட்டரி கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிளைத் தனிப் பயிற்சி இல்லாமல் தொடக் கூடாது. “பரவாயில்லை, ரெண்டு நிமிஷ வேலைதான்” என்று யார் சொன்னாலும், ஸ்டாண்டு வைத்த பிறகு வருகிறேன் அண்ணே என்று சொல்லுங்கள்.

எட்டாம் படி: இடத்தைப் பார்ப்பது, பேட்டியில் பேசுவது

விண்ணப்பிக்கும் முன் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஒருமுறை நேரில் போங்கள். ஸ்டாண்டு போடுகிறார்களா, டார்க் ரென்ச் சுவரில் தூசி படிந்து தொங்குகிறதா கையில் புழங்குகிறதா, பழைய பழகுநர்கள் எந்த வேலையில் நிற்கிறார்கள் என்று பாருங்கள். போன வருடம் அங்கே பழகிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும். பெரிய பெயர்ப்பலகையைவிட, கேட்டால் சொல்லிக் கொடுக்கும் ஒரு சீனியர் டெக்னீஷியன் இருக்கும் இடம் மேல்.

பேட்டியில் “வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்வாய்?” என்பதுபோலக் கேட்பார்கள். பதிலைப் பாகத்தின் பெயரோடு தொடங்காதீர்கள். “செல்ஃப் சுற்றுகிறதா என்று முதலில் பார்ப்பேன் சார். சுற்றவில்லை என்றால் பேட்டரி வோல்டேஜும் முனைகளும். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா” என்று வரிசையாகச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். ஆங்கிலம் வராதே என்ற பயம் வேண்டாம். ஆனால் மேனுவலில் வரும் பாகப் பெயர்களைப் படிக்கத் தெரிய வேண்டும். தினம் ஐந்து பெயர் நோட்டில் எழுதிப் படித்தால் போதும்.

சேர்ந்த பிறகு

முதல் மாதம் வண்டி கழுவச் சொல்வார்கள், செய்யுங்கள். கழுவும்போதே அடிப்பகுதியைப் பார்த்து எங்கே ஒழுக்கு, எங்கே துரு என்று குறித்துக் காட்டினால் அடுத்த வேலை உங்களிடம் வரும். தினமும் ஜாப் கார்டில் (வண்டியின் வேலைச் சீட்டில்) வாடிக்கையாளர் சொன்ன குறை, நீங்கள் அளந்த எண், செய்த வேலை மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று மாதம் கழித்தும் கழுவும் வேலையே என்றால், முதலில் சூப்பர்வைசரிடம் பாடத்திட்டத்தைக் காட்டி மரியாதையாகக் கேளுங்கள். அப்போதும் மாறவில்லை என்றால் ஒப்பந்த நகலோடும் அந்த நோட்டோடும் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்துக்குப் போகலாம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள், பதிவு பாதியில் நின்றுபோனால் அதுவரை பழகியதற்குச் சான்று கிடைக்காது. ஐ.டி.ஐ. தொழிற்பிரிவு வழியாகப் போனவர்களுக்குக் கடைசியில் அகில இந்தியத் தொழிற்தேர்வு நடக்கும், தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பம் போய்விட்டதா, பெயரும் இனிஷியலும் சரியாக இருக்கிறதா என்று நிறுவனத்தில் கேட்டு, இணையதளத்தில் நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள்.